ஊட்டத்தூர்ப் பாறையும் ஆறு நாள் படைப்பும்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டிய வறண்ட ஓடைகளில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்தால், மண்ணுக்குள்ளிருந்து கடல் எட்டிப் பார்க்கும். விரல் நீளத்தில் கூராகச் சீவியது போன்ற பெலம்னைட்டுகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளுமாகக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் காலடியில் கிடக்கும். இன்றைய கடலோ கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த சார்லஸ் டர்ட்டன் கேயும் கன்லிஃபும் 1840 வாக்கில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் இத்தகைய புதைபடிவங்களைத் திரட்டி, லண்டன் புவியியல் கழகத்திடம் சேர்த்தார்கள். அவற்றை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அவை மிகத் தொன்மையான கிரெட்டேசியஸ் கால உயிர்கள் என்று 1846இல் எழுதினார். ஆங்கில பைபிள்களின் ஓரக் குறிப்பிலோ படைப்பின் ஆண்டு கி.மு. 4004 என்று அன்று அச்சாகிக்கொண்டிருந்தது. பேராயர் அஷர் 1650இல் கணித்துச் சொன்ன ஆண்டு அது.

இதனால் பெரும் மோதல் மூண்டிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் புவியியலை வளர்த்தவர்களில் குருமார்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஆடம் செட்ஜ்விக், சரளைப் படிவுகளை நோவா கால வெள்ளத்தின் தடயமாகத் தாம் கருதியது தவறு என்று 1831இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நம் நாட்டில் நாக்பூரில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஸ்டீபன் ஹிஸ்லாப், கிறிஸ்துவைப் பற்றிப் பேசிய ஊர்களிலேயே புதைபடிவங்களையும் தேடினார். இரண்டையும் ஒருவரே செய்ய முடிந்தது.

1857இலிருந்து புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் காரையைச் சுற்றிய இந்தப் பகுதி முழுவதையும் அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு தொகுதிக்கும் தனக்கே உரிய உயிரினங்கள் இருந்தன. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா அவற்றைப் பல ஆண்டுகள் வகைப்படுத்தினார். ஒரே வெள்ளம் அள்ளிக் கொட்டியிருந்தால் எல்லாம் கலந்தல்லவா கிடக்க வேண்டும்? இதே பகுதியின் டால்மியாபுரத்துச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் பாசியும் இருக்கின்றன. தெளிந்த ஆழமற்ற கடலில் பொறுமையாக வளர்பவை அவை, நாற்பது நாள் மழையில் உருவாகிறவை அல்ல.

அப்படியானால் ஆதியாகமத்தின் ஒவ்வொரு நாளையும் ஒரு நீண்ட யுகமாகக் கொள்ளலாம் என்றார் ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஹியூ மில்லர். மனத்துக்கு இதமான வழிதான், ஆனால் வரிசை இடிக்கிறது. ஆதியாகமத்தில் கனிமரங்கள் மூன்றாம் நாளிலும் நீந்தும் உயிர்கள் ஐந்தாம் நாளிலும் வருகின்றன. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதே பகுதியில் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரமோ, சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு, உயிர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த ஒரு கடலின் படிவுகளில் கிடக்கிறது. அதற்கு வெகு காலம் முன்பே கடலில் உயிர்கள் பெருகிவிட்டன. பாறையின் வரிசையை வேதத்தின் வரிசைக்குள் திணித்தால் இரண்டுக்குமே காயம்தான்.

இதை உணர்ந்தவர்கள் புவியியல் பிறப்பதற்கு முன்பே இருந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகஸ்டின், படைப்பின் நாட்கள் நாம் அறிந்த சூரிய நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று வாதிட்டார். இயற்கையைப் பற்றி அறியாமல் பேசும் கிறிஸ்தவரால் வேதத்துக்கே இழுக்கு என்றும் எச்சரித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் விவிலிய ஆணையம் 1909இல் அந்த 'நாள்' குறித்து அறிஞர்கள் தாராளமாக விவாதிக்கலாம் என்றது. பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெய்த்ர் ஒரு குருவானவர். ஆனால் தம் கோட்பாட்டை ஆதியாகமத்துக்குச் சான்றாகக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. அந்த நேர்மை இந்த விஷயத்தில் மிக அவசியம்.

இன்று ஆறு நாள், ஆறாயிரம் ஆண்டு என்று வலியுறுத்தும் இயக்கம் பெரிதும் அமெரிக்காவில் 1961இல் விட்கோம், மோரிஸ் எழுதிய நூலிலிருந்து பரவியது. பழைமையான விசுவாசம் என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டாலும், அகஸ்டின் அதைவிடப் பதினைந்து நூற்றாண்டு மூத்தவர்.

அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா ஆலயத்துக்குத் தமிழகமெங்கும் இருந்து பக்தர்கள் வருகிறார்கள். அதே மாவட்டத்தில்தான் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் பேருந்து ஏற்பாடு செய்யும் பங்குகள், ஏலாக்குறிச்சிப் பயணத்தில் வாரணவாசியையும் சேர்க்கலாம். தாமதிக்க நேரமில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சிமெண்டுக்காகப் பல படிவங்களை ஏற்கெனவே விழுங்கிவிட்டன. காரையின் திறந்தவெளிப் படிவுகளுக்கும் சாத்தனூர்க் கல்மரத்துக்குக் கிடைத்தது போன்ற வேலியும் காவலும் தேவை.