கி.பி. 1054

மேலை நாட்டினர் கிறிஸ்தவத் திருச்சபை பிளவுண்ட ஆண்டென்றும், வானநூலார் ரிஷப ராசியில் புதியதொரு நட்சத்திரம் தோன்றிய ஆண்டென்றும், தமிழகச் சரித்திரம் கற்போர் கொப்பத்துப் போர் நிகழ்ந்த ஆண்டென்றும் நினைவிற்கொள்ளும் ஆண்டு இது.

ஜூலை 4ஆம் நாள் விடியற்காலையில் கீழ்வானில் தோன்றிய அந்நட்சத்திரத்தைச் சீனத்து ஸோங் அரசவையின் வானநூலார் கண்டு, சுக்கிரனைப்போல் 23 நாள் பட்டப்பகலிலும் அது விளங்கியதென்றும், 1056ஆம் ஆண்டு ஏப்ரலில் கண்ணுக்கு மறைந்ததென்றும் குறித்து வைத்தனர். அரண்மனைச் சோதிடர் யாங் வெய்தே அதனை மன்னர்க்கு நற்சகுனமென்றே பலன் கூறினார்; வேறு கூறுவது அப்பதவிக்கு உகந்ததன்று போலும். வெடித்துச் சிதறிய அவ்விண்மீனின் எச்சமே இன்று நண்டு நெபுலா என வழங்குவது.

ஜூலை 16ஆம் நாள் கான்ஸ்டான்டிநோபிள் நகரின் புனித ஸோபியா ஆலயத்தில் ஆராதனை தொடங்கும் வேளையில், ரோமாபுரியின் தூதராய் வந்த கார்டினல் ஹம்பர்ட், பேராயர் மைக்கேல் கெருலாரியஸைச் சபைக்குப் புறம்பாக்கும் ஓலையைப் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டு வெளியேற, திருத்தொண்டர் ஒருவர் பின்னே ஓடி அதனை மீளப்பெற்றுக்கொள்ளுமாறு மன்றாடியும் அவர் இணங்கிலர். புளிப்பற்ற அப்பம் குறித்த பூசலும் போப்பாண்டவரின் தலைமை பற்றிய வழக்கும் இதற்குக் காரணம். ஹம்பர்டை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே இறந்துவிட்டமையால், தூதருக்கு அவ்வதிகாரம் இருந்ததா என்பதே வினா. இச்செயலைப் பெரும்பிளவின் தொடக்கமெனக் கருதியவர் அக்காலத்தவரல்லர், பிற்காலத்தவரே.

பிப்ரவரியில் கீவ் நகரத்து அரசர் அறிவர் யாரோஸ்லாவ் மறைந்தார். வியத்நாமில் லீ வமிசத்துப் புதிய மன்னர் தம் நாட்டிற்கு தாய் வியத் எனப் பெயரிட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தால் பெயர்பெற்ற மக்பெத், ஜூலை 27இல் ஆங்கிலப் படையிடம் தோற்றும், நாடகத்திற் போலன்றி, மேலும் 3 ஆண்டு உயிர்வாழ்ந்தான்.

கொப்பத்துப் போரை வரலாற்றாசிரியர் பலர் இவ்வாண்டினதென்பர். மேலைச் சாளுக்கியன் முதலாம் சோமேசுவரனுடன் பொருத முதலாம் இராசாதிராச சோழன், யானைமேல் அமர்ந்தவாறே பகைவர் அம்புக்கு இரையானான். அதனால் ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ எனக் கல்வெட்டுகளிற் குறிக்கப்பெற்றான். தலைவனை இழந்து சோழப் படை நிலைகுலைந்த அத்தறுவாயில், தம்பி இரண்டாம் இராசேந்திரன் களிறேறி முன்வந்து, மேனியில் அம்புகள் தைத்தும் பின்வாங்காது படையைத் திரட்டி வென்று, போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டான் என அவன் மெய்க்கீர்த்தி உரைக்கின்றது. ஆயினும் சோமேசுவரனின் வலிமை ஒடுங்கவில்லை. அவனோடு பொரும் பணி இளைய தம்பி வீரராசேந்திரன் காலம்வரை நீண்டது.