புது லாக்கும் தொலைந்துபோன அவுக்கும்

சின்ன வயசிலிருந்தே எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அட்லஸ் கையில் கிடைத்தால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் மறந்துபோகும். போன வாரம் அப்படித்தான் ரஷ்யாவின் தெற்கு மூலையில் இருக்கும் தாகெஸ்தானை நோண்டிக்கொண்டிருந்தேன். மேற்கு ஓரத்தில், செச்சென்யாவை ஒட்டி, 'நோவோலாக்ஸ்கி' என்று ஒரு வட்டம். ரஷ்ய மொழியில் 'நோவோ' என்றால் புது. புது லாக் இருந்தால் பழைய லாக் எங்கே? தேடினால் அதுவும் இருக்கு, ஆனால் அங்கே இல்லை. தள்ளி, மலைகளுக்கு நடுவில். ஏன் இப்படி என்று தேடப்போய்த்தான் இந்தப் பதிவு.

முதலில் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தாகெஸ்தான் என்றாலே மலைநாடு என்றுதான் அர்த்தம். பரப்பளவு சுமார் 50,300 சதுர கி.மீ. கிழக்கே காஸ்பியன் கடல், தெற்கே அஜர்பைஜான், தென்மேற்கே ஜார்ஜியா. காஸ்பியன் கரை கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 28 மீட்டர் கீழே கிடக்கிறது. தெற்கு எல்லையில் பஜார்துஸு சிகரம் 4,466 மீட்டர். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் 41 வட்டங்கள், 10 நகரங்கள். (ராயோன் என்பதை வட்டம் என்று எழுதுகிறேன், கோபிச்சுக்காதீங்க.) மொழிகளோ கணக்கே இல்லை. எழுத்து மொழி என்ற அந்தஸ்து உள்ளவை மட்டும் ரஷ்யனைச் சேர்த்து 14.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளணும். மலைமேல் ஆடு வளர்ப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் மேய்ச்சல் கிடையாது. அதனால் மலை வட்டங்களுக்குக் கீழே சமவெளியில் மேய்ச்சல் நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'குத்தான்' என்று பெயர். காலப்போக்கில் அங்கேயே வீடு, பள்ளிக்கூடம் என்று ஊரே முளைத்துவிட்டது. ஊர் இருப்பது ஒரு வட்டத்துக்குள், நிர்வாகம் மலைமேல் இருக்கும் வேறொரு வட்டத்துக்கு! சமவெளியில் காலங்காலமாக வாழும் கூமிக் மக்களுக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். மலையில் இடமில்லை, சமவெளியில்தான் நிலம். இதை மனசில் வெச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இன்றைய நோவோலாக்ஸ்கி இருக்கும் இடத்தின் பழைய பெயர் அவுக். அங்கே இருந்தவர்கள் அக்கின் செச்சென்கள், அதாவது தாகெஸ்தானுக்குள் வாழ்ந்த செச்சென்கள். 1943 அக்டோபரில் அவர்களுக்கென்று அவுக் என்ற பெயரிலேயே தனி வட்டம் அமைத்தது சோவியத் அரசு. சந்தோஷம் ஐந்து மாசம்கூட நிலைக்கவில்லை.

1944 பிப்ரவரி 23. ஜெர்மானியர்களோடு சேர்ந்துகொண்டார்கள் என்று குற்றம் சாட்டி, செச்சென், இங்குஷ் மக்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேரை ஸ்டாலின் அரசு ரயிலில் ஏற்றி கஸக்ஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் அனுப்ப ஆரம்பித்தது. அந்த நடவடிக்கைக்கு வைத்த ரகசியப் பெயர் 'செச்செவீத்சா'. நம்ம மைசூர்ப் பருப்புதான்! செச்சென் என்பதோடு ஒலி ஒத்துப்போகிறதாம். செச்சென் குடியரசில் இருந்தவர்களோடு அவுக் மக்களையும் சேர்த்தே ஏற்றினார்கள். குழந்தை, கிழவி யாரையும் விடவில்லை.

வீடுகள் காலி. அதை நிரப்ப வேண்டுமே? மலையிலிருந்த லாக் மக்களை இறங்கச் சொன்னார்கள். அவர்கள் ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை, அதுவும் கட்டாயம்தான். மலைக்காற்றுக்குப் பழகிய உடம்பு, கீழே வந்ததும் மலேரியா. நிறையப் பேர் செத்துப்போனார்கள். அந்த இடத்துக்குத்தான் 1944ல் 'புது லாக்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் இருந்த அக்தாஷ்-அவுக், யுர்ட்-அவுக் இரண்டும் கஸ்பெகோவ்ஸ்கி வட்டத்துக்குப் போய், அவார் மக்கள் குடியேற்றப்பட்டு, லெனினவுல், காலினினவுல் ஆகிவிட்டன. (அவுல் என்றால் கிராமம்.) மகாச்கலாவை ஒட்டிய தார்க்கி ஊர் கூமிக் மக்களையும் விடவில்லை. அவர்களைக் கிளப்பி ஹசாவ்யுர்ட் பக்கம் காலியான செச்சென் ஊர்களுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் திரும்பி வந்தால், சொந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறியிருந்தது.

1957ல் செச்சென்-இங்குஷ் குடியரசை மீண்டும் அமைத்தார்கள். 13 வருஷம் கழித்து மக்கள் திரும்பினார்கள். ஆனால் அவுக் வட்டம் மட்டும் திரும்ப வரவேயில்லை. 1958ல் தாகெஸ்தான் அரசு, பழைய ஊர்களில் இவர்கள் குடியேறக் கூடாது என்று தடையே போட்டது. தாத்தா வீட்டில் வேறு யாரோ. இவர்கள் ஹசாவ்யுர்டிலும் சுற்று ஊர்களிலும் ஒதுங்கினார்கள்.

1991 ஏப்ரலில் தண்டிக்கப்பட்ட மக்களின் மறுவாழ்வுக்கு ரஷ்யா சட்டம் கொண்டு வந்தது. அதே வருஷம் அவுக்கை மீண்டும் அமைப்பது என்று தாகெஸ்தானில் முடிவானது. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். நோவோலாக்ஸ்கியின் லாக் மக்கள் இடம் மாற ஒப்புக்கொண்டார்கள்! உலக வரலாற்றில் இப்படி எத்தனை பேர் ஒப்புக்கொண்டிருப்பார்கள், சொல்லுங்கள்.

ஆனால் அவர்களை எங்கே வைப்பது? மகாச்கலாவுக்கு வடக்கே நிலம் ஒதுக்கினார்கள். அது எங்கள் மண் என்று கூமிக் மக்கள் எதிர்த்தார்கள். குத்தான் கதையில் சொன்ன அதே சமவெளி, அதே வருத்தம். லெனினவுல், காலினினவுல் விஷயத்திலோ அவார் மக்கள் அசையவில்லை. நடுவில் 1999 செப்டம்பரில் பசாயெவ், கத்தாப் தலைமையிலான ஆயுதக் குழுக்கள் நோவோலாக்ஸ்கிக்குள் புகுந்து, சண்டையில் ஊர்கள் சேதமாயின. 2017ல்கூட லெனினவுலில் அவார்-செச்சென் கைகலப்பு. 1990களில் முடிய வேண்டிய இடமாற்றம் 2010களிலும் முடிந்தபாடில்லை.

ஐந்தே மாசத்தில் அழித்த ஒரு வட்டம். அதைத் திரும்ப வரைய மூன்று நாலு இனங்கள் நகர வேண்டியிருக்கு. செச்சென்காரர் கேட்பது தாத்தா வீட்டை. லாக்காரர் அங்கே தன் தாத்தாவைப் புதைத்திருக்கிறார். கூமிக்காரர் ஏற்கெனவே ஒருமுறை இழந்தவர். இதில் யாரைப் பார்த்து 'நீ தப்பு' என்று சொல்வது? கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ரொம்ப நீளமாப் போச்சு.  அடுத்த தடவை அட்லஸில் 'புது' என்று ஏதாவது பெயர் கண்ணில் பட்டால், பழசையும் ஒருமுறை தேடிப் பாருங்க.