கடவுளை நம்பாதவரும் யூதர்தானா? யூத மதச் சட்டம் சொல்வது என்ன?

இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் சனிக்கிழமை என்றாலே கடற்கரை நிரம்பி வழியும். குடும்பத்தோடு காரில் வருவார்கள், செல்போனில் பேசுவார்கள், அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவார்கள். ஆனால் யூத மதச் சட்டப்படி அன்றைக்கு இவை எதையுமே செய்யக்கூடாது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதில் தொடங்கி சனிக்கிழமை இரவு வரை நீள்வது 'சபாத்' எனும் ஓய்வுநாள். அந்த நேரத்தில் நெருப்பு மூட்டக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, மின்சாதனங்களை இயக்கக்கூடாது என்கிறார்கள் பழமைவாத ரபிகள்.

பியூ ஆய்வு மையம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இஸ்ரேல் யூதர்களில் 49 சதவீதம் பேர் தங்களை 'ஹிலோனி', அதாவது மதச்சார்பற்றவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் 'ஹரேதி' பிரிவினர் வெறும் 9 சதவீதம்தான்.

அப்படின்னா, இந்தப் பாதிப் பேரை மதச் சட்டம் யூதர்களாகப் பார்க்கிறதா, இல்லையா? 'ஆம், ஆனால்...' என்பதுதான் பதில். அந்த 'ஆனால்' எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

யார் யூதர்?

யூத மதச் சட்டத்துக்கு 'ஹலாகா' என்று பெயர். யூதத் தாய்க்குப் பிறந்தவர், அல்லது முறைப்படி யூத மதத்துக்கு மாறியவர் யூதர். ஹலாகா சொல்லும் வரையறை இவ்வளவுதான். தாய்வழியில் பிறந்தவரிடம் 'கடவுளை நம்புகிறாயா, ஜெப ஆலயத்துக்குப் போகிறாயா' என்ற கேள்வியே கிடையாது. நாத்திகராக இருந்தாலும், பன்றி இறைச்சி சாப்பிட்டாலும் அவர் யூதர்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தந்தை யூதர், தாய் யூதர் அல்ல என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் பிள்ளை வாரம் தவறாமல் ஜெப ஆலயத்துக்குப் போனாலும், முறைப்படி மதம் மாறாதவரை ஹலாகா கணக்கில் யூதர் ஆகமாட்டார். அமெரிக்காவின் சீர்திருத்த யூதப் பிரிவு 1983-ல் இந்த விதியைத் தளர்த்தி, யூதராகவே வளர்க்கப்படும் பட்சத்தில் தந்தைவழிப் பிள்ளைகளையும் ஏற்றது. பழமைவாதப் பிரிவினர் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

வேறு மதத்துக்கே போய்விட்டால்?

அப்போதும் யூதர்தான். பாவம் செய்தாலும் ஒருவர் இஸ்ரவேலரே என்ற கருத்து, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத்திலேயே இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த உரையாசிரியர் ராஷி (1040-1105) இதையே சட்டக் கொள்கையாக நிலைநிறுத்தினார். யூதர்கள் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட காலம் அது. திரும்பி வர விரும்பியவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது.

இந்தக் கொள்கையை நவீன இஸ்ரேலில் சோதித்தது ஒரு வழக்கு. போலந்தில் யூதராகப் பிறந்தவர் ஆஸ்வால்ட் ரூஃபைசன். இரண்டாம் உலகப் போரின்போது மிர் நகரில் அடைக்கப்பட்டிருந்த யூதர்கள் பலர் தப்பிக்க உதவினார். பிறகு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கராக மாறி, துறவியாகவும் ஆனார். 'பிரதர் டேனியல்' என்று அழைக்கப்பட்ட அவர், யூதர்களுக்குக் குடியேறும் உரிமை தரும் 1950-ஆம் ஆண்டு 'திரும்பும் உரிமைச் சட்டத்தின்' கீழ் தன்னையும் யூதராக ஏற்க வேண்டும் என்று கேட்டார்.

இங்கதான் ட்விஸ்ட். ஹலாகா கணக்கில் அவர் யூதராகவே கருதப்படலாம் என்பதை நீதிபதிகளே பேசினார்கள். ஆனால் அந்த நாட்டுச் சட்டத்தை ஹலாகாவை வைத்துப் படிக்க வேண்டியதில்லை, சாதாரண மக்களின் பார்வையில் ஒரு கத்தோலிக்கத் துறவி யூதர் அல்ல என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் மனுவை நிராகரித்தது. மதச் சட்டம் திறந்து வைத்த கதவை மதச்சார்பற்ற நீதிமன்றம் மூடியது. பின்னர் சாதாரண வழியில் குடியுரிமை பெற்ற அவர், ஹைஃபா மடத்தில் வாழ்ந்து 1998-ல் காலமானார். 1970-ல் திருத்தப்பட்ட சட்டத்தில், யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறி யூதரானவர், வேறு மதத்தைச் சேராதவர் என்ற வரையறையே எழுதப்பட்டது.

சட்டத்தை மீறினால் எதுவுமே ஆகாதா?

ஆகும். யூதர் என்ற அடையாளம் போகாது. ஆனால் சமூகத்தில் அவருக்குள்ள தகுதி குறையும்.

ஹலாகா எல்லா மீறலையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஆசைப்பட்டு மீறுபவர் ஒரு ரகம், வேண்டுமென்றே எதிர்ப்புக்காக மீறுபவர் இன்னொரு ரகம். இதில் தனி இடம், சபாத்தைப் பலர் முன்னிலையில் மீறுபவருக்கு. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பதற்குச் சாட்சிதான் சபாத். எனவே அதை வெளிப்படையாக மீறுவது, படைத்தவரையே மறுப்பதற்குச் சமம் என்று பழைய சட்டம் பார்த்தது. அதன் விளைவுகள் இவை:

- ஒயின்: அவர் தொட்ட ஒயினைக் குடிக்கக்கூடாது என்பது பழைய விதி. காய்ச்சிய ஒயினுக்கு விலக்கு உண்டு. கோஷர் ஒயின் ஆலைகளில் சபாத் கடைப்பிடிப்பவர்கள் மட்டுமே ஒயினைக் கையாள்வது இதனால்தான்.

- சாட்சி: திருமணத்திலும் விவாகரத்திலும் அவர் சாட்சியாக நிற்க முடியாது.

- மின்யான்: கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்தில் அவரைச் சேர்க்கலாமா என்பதே கேள்விக்குறி.

19-ஆம் நூற்றாண்டில் என்ன மாறியது?

ஊரில் ஒருவர் இருவர் மீறியவரை இந்த விதிகள் செல்லுபடியாகின. ஊரே மீறினால்? ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் அதுதான் நடந்தது. வெள்ளி இரவு வீட்டில் சபாத் பிரார்த்தனை சொல்லிவிட்டு, சனி காலையில் கடையைத் திறந்தார்கள் பல யூதர்கள். அவர்களையெல்லாம் விலக்கி வைத்தால் பல இடங்களில் ஜெப ஆலயமே நடத்த முடியாது.

ரபிகள் கையில் எடுத்த கருவி, தல்மூத்தில் வரும் 'சிறைபிடிக்கப்பட்ட குழந்தை' என்ற கருத்து. சிறுவயதிலேயே வேற்று மக்களிடம் சிக்கி, சபாத் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவர் சபாத்தை மீறினால், அவரை வேண்டுமென்றே குற்றம் செய்தவராக எண்ணக்கூடாது. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ், வாய்மொழிச் சட்டத்தை ஏற்காத கராயிட் பிரிவினரின் பிள்ளைகளுக்கு இதைப் பொருத்தினார். பெற்றோர் வளர்த்த வழியில் நடப்பவர்களை இதமான பேச்சால்தான் அழைக்க வேண்டும் என்றார்.

ஹாம்பர்க் அருகே அல்டோனாவில் இருந்த ரபி யாக்கோப் எட்லிங்கர், 1861-ல் இதைத் தன் காலத்து யூதர்கள் பக்கம் திருப்பினார். சபாத் பிரார்த்தனை சொல்பவர் படைத்தவரை மறுப்பவர் ஆகிவிடுவாரா என்று யோசிக்க வைத்தார். பெர்லினில் ரபி டேவிட் ஸ்வி ஹாஃப்மன், இவர்களை மின்யானில் சேர்ப்பவருக்குச் சட்ட ஆதாரம் உண்டு என்றார். வேறு ஜெப ஆலயத்துக்குப் போக விரும்புபவர் யாரையும் புண்படுத்தாமல் போகட்டும் என்பது அவரது கூடுதல் அறிவுரை. 'ஹசோன் இஷ்' என்று அறியப்பட்ட பினே ப்ராக் நகர ரபி ஆவ்ரஹாம் யேஷாயா கரேலிட்ஸ் (1878-1953), நம்பிக்கை இழந்தவர்களுக்கு எதிரான பழைய கடும் தண்டனைகள் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது, அன்பால்தான் ஈர்க்க முடியும் என்றார்.

சலுகையா, அவமதிப்பா?

இந்தத் தீர்ப்புகளால் ஏராளமானோர் சமூகத்துக்கு வெளியே தள்ளப்படாமல் தப்பினார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 'தெரிந்துதான், யோசித்துதான் இப்படி வாழ்கிறேன்' என்று சொல்லும் ஒருவரை, 'பாவம், உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை' என்று பார்ப்பதும் இதே விதிதான். பல மதச்சார்பற்ற யூதர்களுக்கு இது மன்னிப்பாகத் தெரிவதில்லை, தங்களைக் குழந்தையாக்குவதாகவே தெரிகிறது.

உண்மையான சிக்கல் விவாகரத்தில்

யூதர் என்ற அடையாளம் போகாது என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் சட்டத்தின் பிடியும் போகாது.

இஸ்ரேலில் 1953-ஆம் ஆண்டு சட்டப்படி யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் ரபி நீதிமன்றங்களின் கையில். நாட்டுக்குள் பதிவுத் திருமணம் கிடையாது என்பதால் பலர் சைப்ரஸ் போய்ப் பதிவு செய்கிறார்கள். இருவரும் யூதர்கள் என்றால், பிரியும்போது அவர்களும் ரபி நீதிமன்றத்துக்கே வரவேண்டும்.

ஹலாகாவின்படி கணவர் விரும்பி 'கெட்' எனும் விவாகரத்துப் பத்திரம் தரவேண்டும். தராவிட்டால் மனைவி மறுமணம் செய்ய முடியாது. அந்த நிலையில் வேறொரு யூதர் மூலம் குழந்தை பெற்றால், அந்தக் குழந்தை 'மம்சேர்' ஆகிவிடும். வளர்ந்தபின் பெரும்பாலான யூதர்களைத் திருமணம் செய்ய அதற்கு அனுமதி இல்லை. ஒருநாளும் ஜெப ஆலயப் படி மிதிக்காத பெண்ணுக்கும் இதே விதிதான். கெட் தர மறுக்கும் கணவரின் ஓட்டுநர் உரிமத்தை முடக்கவும், சிறையில் அடைக்கவும் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆனாலும் பத்திரத்தைத் தரவேண்டியது அவர்தான்.

தகுதிக் குறைவே சில பெண்களைக் காப்பாற்றியதும் உண்டு. நியூயார்க்கின் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் (1895-1986), தகுதியான சாட்சிகள் இல்லாமல் நடந்த சீர்திருத்தப் பிரிவுத் திருமணங்கள் ஹலாகா முன் செல்லாது என்றார். திருமணமே செல்லாது என்றால் கெட் கிடைக்காத பெண்ணுக்கு விடுதலை, குழந்தைக்கும் களங்கம் இல்லை. இதே நகரின் ரபி யோசெஃப் எலியாஹு ஹென்கின் இதை ஏற்கவில்லை. கணவன் மனைவியாக வாழ்ந்தாலே கெட் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு யூதர் மதச் சட்டத்தை விட்டு விலகலாம். அந்தச் சட்டம் அவரை விட்டு விலகுவதில்லை.