பசித்தவன் மறந்தானா?



எனக்கு முன்னால் பேசின அம்மா, "பசி வந்தா பத்தும் பறக்கும், அப்படிப் பறந்ததுல வாக்குச்சீட்டும் ஒண்ணு"ன்னு சொல்லி நல்லா கைதட்டு வாங்கிட்டுப் போனாங்க. நானும் தட்டினேன். தட்டின பிறகுதான், அய்யய்யோ, நாம எதிரணியாச்சேன்னு ஞாபகம் வந்தது. என்னை மறதி அணியில் போட்டது சரிதான். (சிரிப்பு)

சர்வாதிகாரி குடும்பத்துக்கே மக்கள் மறுபடியும் ஓட்டுப் போடுவது பசியாலா, மறதியாலா? இதுதான் இன்றைய கேள்வி. நான் பிலிப்பைன்ஸ் நாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்றால், அந்த நாட்டோடு நான் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவன்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. தூத்துக்குடிக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் ரூம் ஃபிட்டராக இருந்தேன். கப்பலில் போனவர்களுக்குத் தெரியும், மேலே எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் கீழே நிறையப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்களாக இருப்பார்கள். 1998-ல் நான் இருந்த கப்பலில் சமையல்காரர் நீக்ரோஸ் தீவுக்காரர். கரும்பு விளைகிற ஊர். மூன்றாம் எஞ்சினியர் வடக்கே இலோகோஸ் மாகாணம். பெர்டினாண்ட் மார்கோஸின் சொந்த மாகாணம்.

ஒருநாள் மெஸ் ரூமில் அந்த எஞ்சினியர் சாதாரணமாகச் சொன்னார்: "மார்கோஸ் காலத்துல ஒழுங்கு இருந்தது. ரோடு போட்டார், பாலம் கட்டினார்." சமையல்காரர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி இருபத்திரண்டு பேருக்கும் காய்ந்த ரொட்டிதான். செத்து ஒன்பது வருஷமான ஒரு ஆள், நடுக்கடலில் எங்களைப் பட்டினி போட்டார். (சிரிப்பு) அதனால் பசி அணிக்கும் இந்தக் கதையில் கொஞ்சம் பங்கு உண்டு.

மறுநாள் நான் அடுப்படிக்குப் போய் கேட்டேன், "என்ன அண்ணாச்சி, நேத்து என்ன ஆச்சு?" வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். அவருக்கு ஒரு அண்ணன். மணிலாவில் படித்துக்கொண்டிருந்த பையன். 1977-ல் சீருடையில் வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். வழக்கும் இல்லை, சிறையும் இல்லை, சடலமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் அந்த நாட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். துறைமுகத்தில் இறங்கினால் மற்றவர்கள் சென்ட் பாட்டில் வாங்குவார்கள், நான் பழைய புத்தகக் கடைக்குப் போவேன்.

நடுவர் அவர்களே, முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின், அதன்பின் அமெரிக்கா, நடுவில் ஜப்பான். 1946-ல் சுதந்திரம். மார்கோஸ் 1965-ல் முறையாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர். 1969-ல் மறுபடியும் ஜெயித்தார். சட்டப்படி எட்டு வருஷத்துக்கு மேல் ஒருவர் இருக்க முடியாது. 1973-ல் இறங்கியாக வேண்டும். இறங்க மனசு வருமா?

1972 செப்டம்பர் 23 காலையில் மணிலாவில் பத்திரிகை வரவில்லை. வானொலியைத் திருகினால் இரைச்சல். சாயங்காலம் தொலைக்காட்சியில் மார்கோஸ் வந்து, நாட்டில் ராணுவச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது என்றார். அதற்கு முந்தின ராத்திரியே எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோவைப் பிடித்துவிட்டார்கள். காரணமாகச் சொன்னதில் ஒன்று, பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயின் காரைச் சுட்டுவிட்டார்கள் என்பது. இந்த என்ரிலேயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார். ஒரு தடவை இல்லை, பல தடவை வருவார்.

அடுத்து, புது அரசியல் சட்டத்துக்கு மக்கள் ஒப்புதல் வேண்டும். வாக்குப்பெட்டி வைத்தால் வம்பு. 1973 ஜனவரியில் தெருத்தெருவாகக் கூட்டம் கூட்டி, சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றார்கள். பதினைந்து வயசுப் பிள்ளைகளும் தூக்கலாம். சுற்றி ராணுவம் இருக்கும்போது யார் தூக்காமல் இருப்பார்கள்? ஒன்றரைக் கோடிப் பேர் சம்மதம் என்று அறிவித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்புதல் வாங்கிய முறை சரியில்லை என்றுதான் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். ஆனாலும் தீர்ப்பின் கடைசி வரி, இது அமலுக்கு வர நீதிமன்றத் தடை எதுவும் இல்லை என்று முடிந்தது. நம்ம ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்வோமே, தப்புதான், ஆனா போகட்டும்னு. அந்த மாதிரி.

அதன்பிறகு நடந்ததை அம்னெஸ்டி கணக்கை வைத்துச் சொல்கிறார்கள்: சிறைக்குப் போனவர்கள் சுமார் 70,000, சித்திரவதைப்பட்டவர்கள் 34,000, கொல்லப்பட்டவர்கள் 3,200-க்கு மேல். எங்கள் சமையல்காரர் அண்ணனைப் போலப் போனவர்கள் போனவர்கள்தான்.

சரி, எஞ்சினியர் சொன்ன ரோடு? ரோடு போட்டது உண்மை. பாலம், ஆஸ்பத்திரி, கலை அரங்கம் எல்லாம் உண்மை. யார் பணத்தில்? நாட்டின் வெளிக்கடன் சுமார் 26 பில்லியன் டாலர் ஆனது. பதான் என்ற இடத்தில் இரண்டு பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்து ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். இதுவரை ஒரு பல்புகூட அதனால் எரியவில்லை. அந்தக் கடனை 2007 வரை மக்கள் கட்டினார்கள். உள்ளூரில் வேலை இல்லை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை 1974-ல் சட்டமாகவே கொண்டுவந்தார் மார்கோஸ். அந்தச் சமையல்காரரும் அந்த எஞ்சினியரும் என்னோடு ஒரே கப்பலில் இருந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். ஒருத்தர் அவரைத் திட்டினார், ஒருத்தர் புகழ்ந்தார், இரண்டு பேருமே ஊரை விட்டு வந்தவர்கள்.

இப்போது பசிக்கு வருகிறேன். 1984-லும் 1985-லும் அந்த நாட்டின் பொருளாதாரம் வருஷத்துக்கு ஏழு சதவீதம் சுருங்கியது. சர்க்கரை விலை விழுந்து, நீக்ரோஸ் தீவில் கரும்புக் கூலிகளின் பிள்ளைகள் எலும்பும் தோலுமாய்க் கிடந்தார்கள். அம்மா சொன்ன கணக்குப்படி பார்த்தால், அந்தப் பசியில் பணம் கொடுத்தவனுக்கு ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். பணமும் கொடுத்தார்கள். ஆனால் 1986-ல் என்ன நடந்தது?

அதற்கு முன்னால் ஒரு சாவு. ஏழு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்து, இருதய அறுவைக்காக அமெரிக்கா போன அகினோ, 1983 ஆகஸ்ட் 21 அன்று திரும்பி வந்தார். விமானத்திலிருந்து ராணுவத்தார் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும்போதே தலையில் குண்டு. அவருடைய தாயார் என்ன செய்தார் தெரியுமா? முகத்தைத் துடைக்காதே, சட்டையை மாற்றாதே, என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்றார். ரத்தச் சட்டையோடுதான் மக்கள் பார்த்தார்கள். பெற்றவளுக்குத் தெரிந்திருக்கிறது, துடைத்துவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று. (கைதட்டல்)

1986 பிப்ரவரி 7 தேர்தல். மார்கோஸை எதிர்த்து அந்த அகினோவின் மனைவி கொரசான். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் டாங்கிகளுக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் மண்டியிட்ட இடம் இல்லை. அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது பிப்ரவரி 9 ராத்திரி.

வாக்கு எண்ணிக்கை மார்கோஸ் கட்டின பெரிய மாநாட்டு மண்டபத்தில் நடக்கிறது. சர்வதேசப் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே பெரிய பலகை. கீழே கணிப்பொறிகளில் தேர்தல் கமிஷனின் ஊழியர்கள், முக்கால்வாசி இளம்பெண்கள். தாங்கள் பதிகிற எண் ஒன்று, பலகையில் ஏறுகிற எண் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்துபோனது. அவர்கள் அரசியல்வாதிகள் இல்லை. மாசச் சம்பளக்காரர்கள். எழுந்தார்கள். சுமார் முப்பத்தைந்து பேர், வரிசையாக, அழுதுகொண்டே, அத்தனை கேமராவுக்கும் முன்னால் வெளியே நடந்தார்கள். வீட்டுக்குப் போகப் பயம். பக்லரான் மாதா கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். முன்னால் நின்ற லிண்டா கபுனானின் கணவர் ராணுவத்தில் அதிருப்தி அதிகாரி, அதனால் இது ஏற்கெனவே போட்ட திட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே! திட்டம் போட்டு வந்தாலும் பயம் பயம்தானே? அந்தக் கண்ணீரை யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தார்களா?

நான் எஞ்சின் ரூமில் லாக் புத்தகம் எழுதினவன். எண்ணெய் அளவு இவ்வளவு, வெப்பம் இவ்வளவு என்று மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டும். ஒருமுறை மேலதிகாரி ஒருவர், "இந்த எண்ணைக் கொஞ்சம் மாத்தி எழுது"ன்னார். நான் மாத்தி எழுதினேன். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய மாசம். அதனாலதான் அந்தப் பெண்களை நினைத்தால் எனக்குத் தலை குனிகிறது.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன், நடுவர் மணியைத் தொடுகிறார். மார்கோஸ் ஜெயித்ததாக நாடாளுமன்றம் அறிவித்தது. பிப்ரவரி 22-ல் நம்ம என்ரிலே வந்துவிட்டார், இந்தத் தடவை புரட்சிக்காரராக! என் காரைச் சுட்டது நாடகம், என் பகுதியில் மூன்றரை லட்சம் கள்ள ஓட்டு என்று அவரே சொன்னார். கார்டினல் சின் வானொலியில் அழைத்தார், எட்சா நெடுஞ்சாலை மனிதர்களால் நிரம்பியது. 25-ம் தேதி காலையில் கொரசான் ஒரு கிளப்பில் பதவிப் பிரமாணம், மதியம் மார்கோஸ் அரண்மனையில் பதவிப் பிரமாணம். ஒரே நாள், ரெண்டு ஜனாதிபதி. ராத்திரி ஒருவர் ஹெலிகாப்டர் ஏறிவிட்டார்.

பட்டினி கிடந்த அதே மக்கள்தான் அவரை அனுப்பினார்கள், அம்மா. (கைதட்டல்)

பிறகு என்ன ஆனது? மார்கோஸ் 1989-ல் ஹவாயில் இறந்தார். இமெல்டா 1991-ல் திரும்பி வந்தார். 1995-ல் நாடாளுமன்ற உறுப்பினர். அரண்மனையில் அவர் விட்டுப்போன ஆயிரம் ஜோடிக்கு மேற்பட்ட செருப்பில் கொஞ்சத்தை வைத்து 2001-ல் மரிகினாவில் ஒரு மியூசியம் திறந்தார்கள். திறந்து வைக்க வந்தது யார்? இமெல்டாவேதான்! (சிரிப்பு) 2018-ல் ஊழல் வழக்கில் ஏழு குற்றச்சாட்டில் தண்டனை வந்தது. ஒருநாள்கூடச் சிறையில் இல்லை. எஸ்ட்ராடா என்று இன்னொரு ஜனாதிபதி, 2007-ல் கொள்ளைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை, அடுத்த மாசமே மன்னிப்பு, 2013-ல் மணிலா மேயர். 2016-ல் மார்கோஸின் உடலை மாவீரர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். என்ரிலேயோ, காரைச் சுட்டது நிஜம்தான் என்று தன் சுயசரிதையில் மறுபடியும் மாற்றிக்கொண்டார். 2022-ல் மகன் மார்கோஸ் மூன்று கோடியே பதினாறு லட்சம் வாக்கில் ஜனாதிபதியானபோது, அவருக்குத் தலைமைச் சட்ட ஆலோசகராகப் போனவர் யார்? 98 வயசு என்ரிலே!

இது வயசானவர்களுக்கு வருகிற மறதியா? இல்லைங்க. ஒவ்வொரு படியிலும் யாரோ கையெழுத்துப் போட்டு வந்த மறதி. கோர்ட்டில், மியூசியத்தில், மயானத்தில், கடைசியில் கைபேசியில். அது பொற்காலம் என்று சொல்கிற வீடியோக்கள் வீட்டுக்கு வீடு போயின. 1986-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு எதிர்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஆள் கப்பலில் இருந்தான், துபாயில் இருந்தான்.

அம்மா அணிக்கு ஒரு புள்ளி விட்டுத் தருகிறேன். ஜெயித்த பிறகு கொரசான் அரசு நிலம் கொடுத்திருக்க வேண்டும். 1987 ஜனவரியில் நிலம் கேட்டு அரண்மனைக்கு ஊர்வலம் போன விவசாயிகளை மெண்டியோலா பாலத்தருகே சுட்டார்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் செத்தார்கள். அவருடைய குடும்பத்தின் கரும்புப் பண்ணையே கூலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. நீக்ரோஸ்காரர் இதையும் சொல்லிக் கோபப்படுவார். "நல்லவங்க வந்தாங்க, எங்களுக்கு ஒண்ணும் வரலை" என்பார். பசித்தவனுக்கு ஞாபகத்தால் என்ன லாபம் என்று கேட்டால், அந்த இடத்தில் எனக்குப் பதில் குறைவு.

2022 மே மாசம் நான் தூத்துக்குடியில் ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருக்கிறேன். அவர் போன் பண்ணினார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த தன் பேரன், தாத்தா, நம்ம ஆள் ஜெயிச்சுட்டார் என்று சந்தோஷமாகச் சொன்னானாம். பேரனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "சோறு போட்டேன்" என்றார்.

அப்புறம் சொன்னார். மார்கோஸின் சுவிஸ் பணத்திலிருந்து நஷ்டஈடு தர 2013-ல் ஒரு சட்டம் வந்ததல்லவா? 75,000 பேர் மனுப் போட்டார்கள். 11,103 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டது. அதில் அவர் அண்ணன் பெயரும் இருந்தது. அவருடைய அம்மாவுக்கு அப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. காசோலை வந்ததும் பேங்குக்குப் போகவில்லை, ஜெராக்ஸ் கடைக்குப் போகச் சொன்னாராம். காசோலையையும், அரசாங்க முத்திரையோடு பெயர் இருந்த காகிதத்தையும் நகல் எடுத்து, கண்ணாடி போட்டு, பையன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய பிறகுதான் பணத்தை எடுக்கவிட்டாராம். பேரன் தினமும் அதுக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

மணி அடிச்சாச்சு. (கைதட்டல்)