மின்சாரம் இல்லாமலே குழாயில் மழைநீர்: வீட்டில் அமைப்பது எப்படி?

2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்குப் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால், கிணற்றிலும் போரிலும் தண்ணீர் இருந்தும் குழாயில் வரவில்லை. அத்தனை மழையும் கூரையிலிருந்து தெருவுக்கு ஓடியது.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த நீர் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. நிலத்தடி நீருக்கு அது நல்லது. எனினும் அதை மறுபடி மேலே ஏற்ற மோட்டார் வேண்டும். கூரையில் விழும் மழைக்கு உயரம் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த உயரத்தை இழக்காமல் தொட்டியில் பிடித்து வைப்பதே இம்முறை.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 500 சதுர அடி (சுமார் 46 ச.மீ.) மாடியில் 1 செ.மீ. மழைக்கு 460 லிட்டர். சிதறுவது, உறிஞ்சுவது போக 370 லிட்டராவது தேறும். 3 செ.மீ. மழையில் 1,000 லிட்டர் தொட்டி ஏறக்குறைய நிரம்பிவிடும்.

உயரக் கணக்கு

தளம் 10 அடி உயரம் என்று கொள்வோம். 3 அடி மேடையில் 4 அடி உயரத் தொட்டியை வைத்தால் அதன் மேல்விளிம்பு 7 அடியில் நிற்கும். மீதி 3 அடி, குழாய்க்கும் வடிகட்டிக்கும். திறக்கும் குழாய் 2 அடியில் இருந்தால் நிறைந்த தொட்டிக்கும் அதற்கும் 5 அடி வித்தியாசம். வாளி நிரப்ப, பாத்திரம் கழுவ, ஒளுச் செய்ய இது போதும். ஷவருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போதாது. அழுத்தம் குறைவு என்பதால் 1 அங்குலக் குழாய் போடுங்கள். அரை அங்குலத்தில் நூல்போலத்தான் விழும்.

கவனிக்க வேண்டியவை

• 1,000 லிட்டர் நீரின் எடை 1,000 கிலோ. மேடையைச் செங்கல் அல்லது கான்கிரீட்டில் கட்டுங்கள். சன்ஷேடு மேல் வைக்கவே கூடாது.

• முதல் மழை தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். இறங்கு குழாயில் டீ இணைப்பும் கேட் வால்வும் வைத்து முதல் 50 முதல் 90 லிட்டரை வெளியே விடுங்கள்.

• வடிகட்டிக்குக் கூழாங்கல்லும் நைலான் வலையும் போதும். மணல் மெதுவாக விடும். கனமழையில் நீர் வழிந்து வீணாகும்.

• உள்ளே வரும் குழாயின் அளவிலேயே மிகைநீர்க் குழாயும் இருக்கட்டும். அதைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோனால் சட்டம் கேட்பதும் நிறைவேறும்.

• நீர் எடுக்கும் குழாயை அடியிலிருந்து 4 அங்குலம் மேலே பொருத்துங்கள். அடியில் படியும் வண்டலை வெளியேற்றத் தனி வால்வு வேண்டும்.

• மூடி இறுக்கமாக இருக்கட்டும். மிகைநீர்க் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். இல்லையெனில் டெங்கு கொசுவை நாமே வளர்த்ததாகும்.

இந்த நீரைக் குடிப்பதானால் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே மாடியைப் பெருக்கி, இலைகளை அகற்றி, ஒரு வாளி நீர் ஊற்றி ஓட்டம் பாருங்கள்.