துணிக்குள்ள ஒரு தோட்டம்: கூட் முற்றுகையும் முளைப்பயறும்

பால்கனி கூட இல்லாத பி.ஜி. அறையில ஏதாவது காய்கறி வளர்க்க முடியுமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. முடியும். மண் வேண்டாம், வெயில் வேண்டாம். ஒரு கைப்பிடி பச்சைப்பயறு, ஒரு ஈரத்துணி, ரெண்டு நாள் பொறுமை போதும். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமான்னு நினைப்பீங்க. இந்தச் சின்ன வேலைக்குப் பின்னாடி ஒரு போர் இருக்கு, அதில் நிறைய இந்தியச் சிப்பாய்கள் இருக்காங்க. இன்னைக்கு அந்தக் கதை.

1915 டிசம்பர். இன்றைய ஈராக்கில், டைக்ரிஸ் ஆற்றின் வளைவில் இருக்கும் கூட்-அல்-அமாரா என்ற சின்ன ஊர். ஜெனரல் டவுன்ஷெண்டின் பிரிட்டிஷ் இந்தியப் படையை அங்கே ஒட்டோமான் படை சுற்றி வளைச்சிடுச்சு. கிட்டத்தட்ட ஐந்து மாத முற்றுகை. வெளியிலிருந்து காப்பாற்ற வந்த படைகளால உள்ளே நுழைய முடியல. கடைசி நாட்களில் விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டுப் பார்த்தாங்க, அதுவும் பத்தலை. 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைஞ்சாங்க.

உணவு வரலாறு படிக்கிறவங்க இந்த முற்றுகையைத் திரும்பத் திரும்பப் பேச ஒரு காரணம் உண்டு. ஒரே ஊர், ஒரே பட்டினி, ஆனா ரெண்டு வேற வேற நோய். பிரிட்டிஷ் வீரர்களுக்கு பெரிபெரி வந்தது. இந்திய வீரர்களுக்கு ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும், மூட்டு வலிக்கும், பழைய காயம் கூட மறுபடி திறந்துக்கும்.

ரேஷனைப் பார்த்தா விஷயம் புரியும். பிரிட்டிஷ்காரங்களுக்கு வெள்ளை மாவு ரொட்டி, கூடவே குதிரை இறைச்சி. இந்தியர்களுக்கு ஆட்டாவும் பருப்பும். தவிடு நீங்காத ஆட்டா பெரிபெரியைத் தடுத்தது. வெள்ளை மாவு தீர்ந்துபோய் பிரிட்டிஷ்காரங்களும் ஆட்டாவும் பார்லியும் சாப்பிட வேண்டி வந்தப்போ, அவங்க பெரிபெரி அடங்கிடுச்சு. இன்னொரு பக்கம், புதுசா வெட்டின இறைச்சியில் கொஞ்சம் வைட்டமின் சி இருக்கும். குதிரை இறைச்சியைத் தொட இந்திய வீரர்கள் பல மாதம் மறுத்தாங்க. மதத் தலைவர்களின் அனுமதி வாங்கி வந்தும் பலர் தயங்கினாங்க. இதை ‘மூட நம்பிக்கை’ன்னு ஒரு வரியில் எழுதிட்டுப் போற புத்தகங்கள் மேல எனக்குக் கோபம் உண்டு. இறைச்சி வேண்டாம்னு சொல்லக்கூடிய வீரனுக்கு வேற என்ன கொடுக்கலாம்னு முன்கூட்டியே யோசிக்க வேண்டியது படையை அனுப்பினவங்க இல்லையா?

அந்த யோசனை நடந்த இடம் லண்டன், லிஸ்டர் நிலையம். ‘வைட்டமின்’ என்ற சொல்லை 1912-ல் உருவாக்கிய காசிமிர் ஃபங்க் வேலை பார்த்த அதே இடம். ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம் என்ற ரெண்டு பெண் விஞ்ஞானிகள், எந்த உணவு பெரிபெரியைத் தடுக்கும், எது ஸ்கர்வியைத் தடுக்கும்னு தேடி 1917-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. படைகளின் ரேஷனுக்கு ஏற்ற உணவுகள்தான் அதில் முக்கியம்.

நார்வேயில் ஏற்கெனவே ஒரு துப்பு கிடைச்சிருந்தது. நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்புக்குள்ள தயாரிக்கத் தெரியாது, அதனால் அதுக்கும் ஸ்கர்வி வரும்னு 1907-ல் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் காட்டினாங்க. காய்ந்த பயறு அந்த நோயைத் தடுக்காது, அதையே முளைகட்டினா தடுக்கும்னு 1912-ல் ஃபியூர்ஸ்ட் காட்டினார். காய்ந்த விதையில் வைட்டமின் சி இல்லைன்னே சொல்லலாம். தண்ணி பட்டு உள்ளே இருக்கும் கரு விழிச்சதும் அது தானே தயாரிக்க ஆரம்பிக்குது. சிக்கும் மரியன் டெல்ஃபும் சேர்ந்து இதை 1919-ல் விரிவா அளந்து எழுதினாங்க.

மனுஷங்க மேலயும் சோதனை நடந்தது. ஸ்கர்வி வந்த செர்பியப் படைவீரர்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு எலுமிச்சைச் சாறும், இன்னொரு குழுவுக்கு முளைகட்டி லேசா வேகவைத்த பீன்ஸும் கொடுத்தார் வில்ட்ஷயர் என்ற மருத்துவர். 1918-ல் வெளியான முடிவு: பீன்ஸ் குழு எலுமிச்சைக் குழுவுக்குச் சளைக்கல, சொல்லப்போனா கொஞ்சம் முன்னாடியே இருந்தது. பழம் கப்பலில் வரும்போது அழுகும். பயறு மூட்டை ஒரு வருஷமானாலும் அப்படியே இருக்கும்.

அப்போ கூட்டில் இருந்தவங்க பருப்பை ஊறவைச்சிருந்தா பிழைச்சிருப்பாங்களா? இங்கதான் எனக்கு மனசு உறுத்தும். உடைச்ச பருப்பு முளைக்காது. துவரம்பருப்பை எத்தனை நாள் ஊறவைச்சாலும் அது புளிக்கும், அவ்வளவுதான். லிஸ்டர் நிலையத்தாரும் இதை அழுத்திச் சொன்னாங்க: தோல் நீக்காத, உடைக்காத முழுப் பயறா அனுப்புங்க. மூட்டையில் எந்தப் பயறை ஏத்துறதுன்னு கிடங்கில் எடுக்கற ஒரு முடிவு, ஆயிரம் மைல் தள்ளி ஒருத்தனோட ஈறில் தெரியுது.

இந்த அறிவு பிறகு இந்தியாவுக்கும் உதவியது. 1930களின் கடைசியில் பஞ்சாபின் ஹிசார் மாவட்டத்தில் பஞ்சம் வந்து ஸ்கர்வி பரவினப்போ, முளைகட்டின கொண்டைக்கடலையை மக்களுக்குக் கொடுத்தாங்க.

அதுக்காக முளைப்பயறை அமிர்தம்னு சொல்லும் ரீல்ஸை நம்பாதீங்க. 100 கிராம் முளைப்பயறில் சுமார் 13 மில்லிகிராம் வைட்டமின் சி. ஒரு ஆரஞ்சில் இதைவிட நிறைய, நம்ம பெரிய நெல்லியில் எங்கேயோ. ஆனா ஸ்கர்வியைத் தடுக்க ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் போதும். மாசக்கடைசியில் வெறும் நூடுல்ஸில் ஓட்டறவங்க இந்தக் கணக்கைப் பார்த்துக்கலாம்.

நான் செய்யற விதம் இது. முழுப் பயறை ராத்திரி ஊறவைச்சு, காலையில் தண்ணியை வடிச்சு, துணியில் கட்டித் தொங்கவிடுவேன். சென்னை வெயிலில் சாயங்காலமே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். துணியை ஈரமா வைக்கலாம், தண்ணி தேங்கக் கூடாது. நடுவுல ரெண்டு தடவை நல்ல தண்ணியில் அலசணும், இல்லைன்னா வாடை வந்துடும். வாடை வந்தா யோசிக்காம கொட்டிடுங்க. குக்கர் வேண்டாம், அஞ்சாறு நிமிஷ ஆவி போதும், கேஸும் மிச்சம். அதிகம் வேகவைச்சா வைட்டமின் சி போயிடும். கிருமி பயம் இருக்கறதால நான் பச்சையா சாப்பிடறதில்ல. கடுகு, காய்ந்த மிளகாய் தாளிச்சு, கொஞ்சம் தேங்காய் தூவி, அடுப்பை அணைச்ச பிறகு எலுமிச்சை பிழிஞ்சுக்குவேன்.