அட்ரிக்கோம் வரைந்த எருசலேம்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் தவக்கால வேதபாட வகுப்பு நடத்தியபோது, எருசலேமின் பழம்படம் ஒன்றின் நகலைச் சுவரில் மாட்டினோம். படத்தின் தலைப்பகுதியில் ஒலிவமலை, அதாவது கிழக்கு. நிலம் சரியும் திசையைக் கீழ்த்திசை என்று வழங்கும் நம் மக்களுக்கு அத்திசை மேலே நிற்பது விளங்கவில்லை. படத்தைத் திருப்பி மாட்டுமாறு முதியவர் ஒருவர் சொன்னார். (எருசலேம் திருமறையில் சாலேம் எனப்படுவதில் சேலத்தார்க்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இவ்விரு பெயர்களுக்கும் உறவு கற்பிக்கச் சான்றில்லை.)

இப்படத்தை 1584இல் வெளியிட்டவர் கிறிஸ்தியான் வான் அட்ரிக்கோம் என்னும் கத்தோலிக்கக் குரு. ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1533இல் பிறந்தவர். அந்நகர் சீர்திருத்தச் சபையார் வசமானபின் நாடிழந்து கொலோன் நகரையடைந்து, 1585இல் அங்கேயே மறைந்தார். எருசலேமை அவர் கண்ணாற் கண்டதேயில்லை. திருமறையையும் யோசேபுவின் நூல்களையும் பயணிகளின் குறிப்புகளையும் கொண்டு 270 இடங்களை எண்ணிட்டுக் குறித்தார். தாவீதின் காலமும் ஆண்டவரின் காலமும் ஒரே தாளில் கலந்து நிற்கின்றன. வரலாற்று நோக்கில் இது குறையே. எனினும் நம் முன்னோரால் ஊரிழந்த ஒருவர், இடிந்தழிந்த நகரொன்றை அறையிலிருந்தே எழுப்பினார் என்பதை நாணத்தோடுதான் படிக்கிறோம்.

பிலாத்துவின் அரண்மனை தொடங்கிக் கல்வாரி வரை ஆண்டவர் நடந்த தொலைவை அவர் அடிக்கணக்கிலும் கூறினார். சிலுவைப்பாதையின் நிலைகள் இன்றைய வரிசையில் அமைவதற்கு அவர் நூல் பெருந்துணையாயிற்று. 1595இல் தாமஸ் டிம் அதனை ஆங்கிலப்படுத்தியதால் சீர்திருத்தச் சபையாரும் படித்தனர். ஆனால் மும்முறை விழுந்ததையோ, வெரோணிக்காளையோ சுவிசேஷகர் எவரும் கூறவில்லை. அடிக்கணக்கும் அவர்களிடம் இல்லை. அழுத பெண்களை லூக்கா கூறுகிறார். அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்தலாம். பெரிய வெள்ளியன்று எண்களை அடுக்கும் பிரசங்கியார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நாமும் ஒருகாலத்தில் அடுக்கியவரே.

பிரவுன், ஹோகன்பெர்க் என்போர் கொலோனில் 1572 முதல் 1617 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நகரப்பட நூலில், 1588இல் வந்த நான்காம் தொகுதியில் அட்ரிக்கோமின் எருசலேம் இடம்பெற்றது. முதல் தொகுதியிலோ நம் அண்டைக் கள்ளிக்கோட்டையும் கண்ணனூரும் ஒரே பக்கத்தில் உள்ளன. இன்று சேகரிப்போர் கைக்கு இவை பெரும்பாலும் தனித்தாள்களாகவே வருகின்றன. அதாவது, யாரோ கட்டிய நூலை அறுத்திருக்கிறார்கள். தாளின் பின்புற அச்சு இலத்தீனா, ஜெர்மனா, பிரெஞ்சா என்பதைக் கொண்டு பதிப்பை அறியலாம். கண்ணாடிச் சட்டமிட்டால் அதுவும் மறைந்துபோகும். எரான் லாவோர் சேர்த்த படங்கள் எருசலேமின் தேசிய நூலகத்தில் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. சேகரிப்பென்றால் அத்தகையதே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

குருமனையொன்றில் பழைய வேதாகமத்தைத் திறந்தோம். பலஸ்தீன நாட்டுப் படம் இருந்த இடத்தில் கத்தரித்த ஓரம் மட்டுமே எஞ்சியிருந்தது. சபைச் சொத்துப் பட்டியலில் அந்நூல் ஒரே வரியாக இருந்தது. படங்களின் எண்ணிக்கை எழுதப்படவில்லை. இறையியல் மாணவர் தாம் செல்லும் சபைகளில் அவ்வரியோடு எண்ணிக்கையையும் சேர்த்தெழுதலாம்.

முதியவர் சொன்னபடி படத்தை நாம் திருப்பவில்லை. ‘கிழக்கு மேலே’ என்றெழுதி அதன் தலைமாட்டில் ஒட்டினோம்.